நாற்பத்தொரு மொட்டுகள்

காய்ந்த செடியைத் தாளில் ஒட்டுவதற்கு நல்ல பசை இப்போதெல்லாம் கிடைப்பதில்லை ஐயா. இரண்டு மழைக்காலம் போனால் காம்பு விட்டு வந்துவிடுகிறது. ஒரு தாவர மாதிரிக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலை அதுதான். வருகிற செடியை அழுத்தி உலர்த்துவேன், ஒட்டுவேன், பெயர் எழுதி இரும்பு அலமாரியில் வைப்பேன். பூவைப் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை என்று எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலை ஏமாற்றும். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், மற்றது எளிதில் புரிந்துவிடும்.

அண்ணன் கீழ்வீட்டில் இருந்தான், நான் மாடியில். அவன் குளிர்சாதனப் பெட்டி விற்கிறவன், பேச்சுக்குக் குறைவில்லை. விருந்தாளிகள் வந்தால் என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டுவான். "இவன்தான் எங்க வீட்டுச் சருகு. செத்த செடிக்குப் பேர் வைக்கிறான், அதுக்குச் சம்பளம் வேற." எல்லோரும் சிரிப்பார்கள். "பாவம், விடுங்களேன்" என்பார் அண்ணி. சிரிப்பைவிட அந்தப் பாவம்தான் எனக்கு அதிகம் உறைத்தது.

போன வருடம் மதிலோரம் ஒரு செடி தானாக முளைத்தது. முழங்கால் உயரம், அகலமான இலை. அண்ணி களை என்று சொல்லிப் பிடுங்கப் போனார். அண்ணன் தடுத்து, போனில் படம் எடுத்தான். போன் ஏதோ மூலிகையின் பெயரைச் சொன்னது. ரத்தத்தைச் சுத்தம் செய்யுமாம்.

"டேய் சருகு, இறங்கி வா. இது அதுதானே?"

நான் குனிந்து ஓர் இலையைத் திருப்பினேன். அந்த மூலிகைக்கு இலையின் அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். இதற்கு நரம்போரம் வெள்ளையாக முடி இருந்தது. போன் மேலே இருந்துதான் பார்க்கும். அண்ணனும் எதையும் அப்படித்தான் பார்ப்பான்.

"பூக்கட்டும் அண்ணா. பூ பார்க்காம நாங்க பேர் சொல்றதில்ல."

"கேட்டியா கதையை? போன் ரெண்டு செகண்டுல சொல்லுது. துரைக்குப் பூ வரணுமாம். தட்டு வெச்சு அழைக்கணும் போல" என்றான் அண்ணியிடம்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு கைப்பிடி இலையை அரைத்துக் குடித்தான். அண்ணிக்கும் ஒரு டம்ளர் நீட்டினான். "களையைக் குடிக்கிற அளவுக்கு எனக்கு ஒண்ணும் வந்துடல" என்று அவர் தள்ளிவிட்டார். அவர் குடித்திருந்தால் நான் தடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த இலை ஒரே நாளில் எதுவும் செய்யாது. ஈரலை மெல்ல மெல்ல அரிக்கும், அதற்கு மாதக்கணக்காகும்.

மூன்றாவது வாரம் மொட்டு வந்தது. பூத்துவிட்டால் நான் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். வழக்கம் என்றால் வழக்கம். அதனால் அண்ணன் பல் தேய்க்கிற நேரத்தில் கீழே இறங்கி மொட்டைக் கிள்ளினேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது, அதையும் கிள்ளினேன். நுனி கிள்ளினால் செடி பக்கக்கிளை விட்டுத் தழைக்கும், தோட்டம் வைத்திருக்கிற யாருக்கும் இது தெரியும். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாடா, குடிக்கக் குடிக்க வளருது. என் கை ராசி."

மழைக்காலம் முடிவதற்குள் அவன் கண் மஞ்சளித்தது. பிறகு வயிறு வீங்கியது. டாக்டர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டாராம். மதுவைத் தொட்டறியாதவன், அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தான். அன்று மாலை அண்ணி மாடிக்கு வந்தார்.

"தம்பி, அந்தச் செடியால இருக்குமோ? பிடுங்கிப் போட்டுடவா?"

"அவசரப்படாதீங்க அண்ணி. பூக்கட்டும், பார்த்துச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி தம்பி" என்று இறங்கிப் போனார். அந்த வீட்டில் என் வார்த்தையை ஒருவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது அன்றுதான். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வேறு யாராக இருந்தாலும் கிள்ளிய மொட்டைச் சாக்கடையில் போட்டிருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொன்றையும் உலர்த்தி, தனித்தனி உறையில் போட்டு, தேதி, இடம், சேகரித்தவர் பெயர் எல்லாம் எழுதிவைத்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுக்க அண்ணி என் அறைக்கு வந்தபோது அந்தப் பெட்டி திறந்து கிடந்தது. முதல் உறையிலேயே செடியின் பெயர் எழுதியிருக்கிறதே, பூவைப் பார்க்காமல் எழுதுவதில்லை என்றீர்களே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தால் விதிவிலக்கு உண்டு.

செடிதான் கொன்றது என்று நான் வாதாடப் போவதில்லை. அண்ணனைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், சொல்ல ஒருநாளும் மனம் வரவில்லையா என்று கேட்கிறீர்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வந்திருக்கும். விஷயம் தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரி அவன் ஒரு தரம் கேட்டிருந்தால் போதும்.

ஆமாம், ஆஸ்பத்திரியில் கேட்டான். நர்ஸ் அப்போதுதான் வெளியே போயிருந்தார். அண்ணி இலைச்சாறு விஷயத்தைச் சொல்லியிருந்ததால், என்ன செடி என்று தெரிந்தால் இன்றைக்கே மருந்தை மாற்றலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கைகூட மஞ்சளாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. நீங்க படிச்சவரு. அது என்ன செடின்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் தூங்கு அண்ணா என்று போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். நாலாவது நாள் போய்விட்டான்.

ஐம்பது வருடம் டேய் என்று கூப்பிட்டவன், கடைசியில் தம்பியைப் பார்த்து 'சொல்லுங்க' என்கிறான். அது கேலி இல்லாமல் வேறென்ன ஐயா?