கால் மில்லிமீட்டர்

எங்கள் வீட்டில் காலையில் காப்பி போடுவது நான்தான், ஃபாதர். அந்தக் காப்பி ஆறுவதற்குள் தங்கை யூலியெத்தின் வாயில் சாவி போடுவதும் நான்தான்.

சாவி என்றதும் பயந்துவிடாதீர்கள். ஊக்கு அளவுக் கம்பி அது. அவளுக்கு மேல்வாய் குறுகல் என்று பல் டாக்டர் அண்ணத்தில் ஒரு திருகைப் பொருத்தியிருக்கிறார். அதன் துளையில் சாவியை நுழைத்து, முன்னிருந்து பின்னாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை தெரிந்தால் ஒரு சுற்று. அண்ணம் கால் மில்லிமீட்டர் விரியும். வலி மூக்குத்தண்டுவரை ஏறி, கண்ணில் நீர் வரவழைத்து, ஐந்து நிமிடத்தில் அடங்கும். விரிய விரிய முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். பிறகு மெல்ல மூடிக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றார் டாக்டர். நான் இரண்டு கொடுத்தேன். சீக்கிரம் முடியட்டுமே என்றுதான்.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள். "அக்கா, ரெண்டு தடவை திருப்புனியா?"

"கணக்குல நீ எப்பவுமே மக்குதானேடி. ஒண்ணுதான். வாயத் திற."

திறந்தாள். டாக்டர் தந்த தாளில் நாளுக்கு ஒரு குறிதான் போட்டேன்.

ஆகஸ்டில் அவளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். பெண்ணின் பதினைந்து நம் ஊரில் கல்யாணம் மாதிரி, அப்பாதான் அவளோடு முதல் நடனம் ஆட வேண்டும். சிலியில் வேலை செய்யும் அப்பா, விழாவில் அவளோடு வால்ஸ் ஆட வருவதாக இருந்தார். என் பதினைந்துக்கு அவர் போனில்தான் வந்தார். நான் மாமாவோடு ஆடினேன். மாமா தங்கமானவர், என் காலை மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தார். அதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை.

சந்து பெரிதாகியது. பக்கத்து வீட்டு நூபியா அம்மாள், "அரேப்பா ரொட்டிய மெல்லவே வேணாம் கண்ணு, அந்தச் சந்துல அப்படியே உள்ள தள்ளிரலாம்" என்றாள். தெருவே சிரித்தது. யூலியெத் மட்டும் சிரிக்கவில்லை. வலியில் சூப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை. கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டே அப்பாவிடம் போனில் பேசினாள்: "இப்ப வராதீங்கப்பா. பல்லு சேரட்டும்." அவள் பிறந்தநாளுக்கு நீங்கள் வைக்க ஒப்புக்கொண்ட நன்றிப் பூசை நின்றதும் அதனால்தான், ஃபாதர்.

இவ்வளவு வேகமாக எப்படி விரிந்தது என்று டாக்டர் குழம்பினார். யார் திருப்புவது என்று கேட்டார்.

"அக்காதான் டாக்டர். அவ கை பட்டா வலி கம்மி."

டாக்டர் என்னைப் பாராட்டினார்.

இப்போது சந்து மூடி வருகிறது. அப்பா டிசம்பரில் வருகிறாராம். திருகு இன்னும் வாயில்தான் இருக்கிறது. வேறு யாரையும் அவள் கிட்டே விடமாட்டாள். சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், ஃபாதர்?