பச்சைப் புள்ளி

அந்த மின்விசிறியை ஒரு படி குறைத்து வையுங்கள் ஐயா, இந்தக் கடகட சத்தம் நின்றுவிடும். காற்று ஒன்றும் குறைந்துவிடாது. எதற்கும் ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டினால் சத்தம்தான் மிச்சம். என் வேலையே அளவு பார்ப்பது என்பதால் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டேன். தவறாக நினைக்காதீர்கள்.

மின்கட்டுப்பாட்டு அறையில் என்ன செய்வோம் என்று கேட்டீர்கள். சாயங்காலமானால் ஊரே வீடு திரும்பி ஏ.சி.யைப் போடும், காரைச் சார்ஜில் செருகும். ஒரே சட்டியில் ஊரே கையை வைத்தால் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் வீட்டு பேட்டரிகளில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இங்கிருந்தே இழுத்து ஊருக்குக் கொடுப்போம். அதுவும் போதாவிட்டால் ஏதாவது ஒரு தெருவைச் சற்று நேரம் அணைத்து வைப்போம். வீட்டில் மூச்சுக்கருவியோடு யாராவது படுத்திருந்தால் மட்டும் திரையில் அந்த வீட்டின் மேல் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அந்த வீட்டு பேட்டரியைத் தொடமாட்டோம், அந்தத் தெருவையும் அணைக்கமாட்டோம். எங்கள் அறையில் சாமிக்குக்கூடப் பயப்படாதவன் பச்சைப் புள்ளிக்குப் பயப்படுவான்.

என் அக்கா வீட்டுக்கு அந்தப் புள்ளியை வைத்தவனே நான்தான். அத்தான் ஆயுள் முழுக்க பெயிண்ட் பட்டறையில் வேலை பார்த்தவர். நுரையீரல் போய்விட்டது, ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் இருக்க முடியாது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா போன பிறகு என்னை அக்கா தன்னோடு கூட்டிப்போனபோது, புது மாப்பிள்ளையான அவர் முகம் சுளிக்காமல் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். அந்த நன்றிக்குத்தான் அவர்கள் வீட்டில் பெரிய பேட்டரியாகப் பார்த்து நானே நின்று மாட்டிக்கொடுத்தேன். மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வைத்திருந்தாள் அக்கா. "இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது இது எதுக்குக்கா, தடுக்கி விழவா?" என்றேன். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவள், கொஞ்சம் கவனம் போதாது, அவ்வளவுதான். பகலில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பது எனக்குப் போனில் காட்டும் விளக்குகளை வைத்தே தெரியும். பட்டப்பகலில் படுக்கையறை ஏ.சி. ஓடினால் உடனே போன் போட்டு, உடம்புக்கு முடியலையா என்று கேட்பேன். எத்தனை கணவன்மார் இப்படி விசாரிப்பார்கள்? ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அவள் காரின் சார்ஜுக்குப் போனிலிருந்தே ஓர் அளவு வைத்தேன். கடைக்குப் போகலாம், வரலாம், கொஞ்சம் கூடுதலாகவும் ஓடும். அதற்கு மேல் எங்கே செருகினாலும் ஏறாது. "ஏங்க, வண்டி இவ்வளவுதான் ஏறுது?" என்று கேட்டாள். "பேட்டரிக்கு வயசாயிடுச்சும்மா, அவ்வளவுதான் தாங்கும்" என்றேன். அவளும் நம்பினாள். ஒரு குடும்பத்துக்கு நம்பிக்கைதானே ஆதாரம்?

அப்படிப்பட்டவள் ஒருநாள் நான் வேலையிலிருந்து வருவதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

போனில் தேடினால் வண்டி அக்கா தெருவில் நிற்பதாகக் காட்டியது. நான் நம்பவில்லை. காருக்கு நான் வைத்த அளவுக்குள் அக்கா வீடும் வரும் என்பதையே நான் யோசித்ததில்லை. அக்கா வீட்டுக்குப் போவதை ஓடிப்போவது என்று யார் நினைப்பார்கள்? அக்காவுக்கே போன் செய்தேன்.

"அவ எங்க போனான்னு எனக்கு எப்படிடா தெரியும்? வந்துருவாடா, மனசப் போட்டு உழப்பிக்காத. நீ சாப்பிட்டியா?"

மறுநாள் அலுவலகத் திரையில் அக்கா வீட்டைத் திறந்தேன். அங்கே சார்ஜ் ஏற்றும் விருந்தினர் வண்டி என்ற இடத்தில், அவள் எடுத்துப்போன என் வண்டியின் எண் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். மனைவி போனதில் எனக்கு வந்தது கோபம்தான். வலித்தது அக்காவின் அந்தக் கேள்விதான். அதற்குப் பிறகும் தினமும் பேசினாள், தினமும் அதையே கேட்டாள். நானும் சாப்பிட்டேன் என்று தினமும் சொன்னேன். அவளாக உண்மையைச் சொல்லட்டும் என்று எத்தனை நாள்தான் ஒருவன் காத்திருப்பான்? வளர்த்த கையே கழுத்தை அறுத்தால் எங்கே போய்ச் சொல்வது?

நேரே போய்க் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். தெருவில் நின்று கத்துகிற ஆள் இல்லை ஐயா நான்.

புள்ளியை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எடுக்க, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் அழுத்த வேண்டும். இது சட்டம். நடைமுறையில் யாரும் சரிபார்ப்பதில்லை. ஒருவனை நம்பாமல் திரையை எட்டிப் பார்ப்பது எங்கள் அறையில் அவமானம். பக்கத்து நாற்காலிக்காரனைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவோம். ஒருநாள் மத்தியானம், அக்கா வீட்டுப் புள்ளியை எடுத்துவிட்டு அவனிடம் ஒப்புதல் கேட்டேன்.

"என்னப்பா, பச்சையா? யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"இல்லப்பா, ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லி, டீயை வைக்காமலே இன்னொரு கையால் அழுத்தினான். அவனை விட்டுவிடுங்கள். அவன் என்னை நம்பினான், அது குற்றமாகாது.

அதற்கு மேல் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வெயில் கொளுத்திய நாள், சாயங்காலம் மின்சாரம் போதவில்லை. புள்ளி இல்லாததால் அக்கா வீட்டு பேட்டரியும் மற்ற பேட்டரிகளோடு சேர்ந்து தானாக ஊருக்குக் கொடுத்து வற்றியது. பிறகு ஒரு தெருவை அணைக்கச் சொன்னார்கள். எந்தத் தெரு என்று அவர்கள் சொல்லவில்லை. அது என் பொறுப்பு.

சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, கரண்ட் போச்சுடா. பேட்டரியும் காலின்னு காட்டுது. அத்தானுக்கு மூச்சு வாங்குதுடா. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். கொஞ்சம் என்னன்னு பாரேன்டா."

"பாக்கறேன்கா. அவ அங்க இருக்காளா?"

இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். விசையின் மேல்தான் என் விரல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெருவே பளிச்சென்று எரிந்திருக்கும். பின்னால் அத்தான் இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இல்லடா" என்றாள். "இங்க யாரும் இல்ல. நீ கரண்டப் பாரு சாமி."

கட்டின புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போதும் என்னிடம் மறைக்கத்தான் அவளுக்குத் தோன்றியது. யாரோ பெற்ற பெண்ணுக்காக. அப்போது எனக்கு அழுகை வந்தது ஐயா, அதை மறைக்கவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டேன்.

பிறகு போன் திரையில் என் வண்டி நகர்ந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இருட்டில் பயந்துபோய்ப் புத்தி வந்து கிளம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். அலுவலகத்தில் இருந்தபடியே எங்கள் வீட்டு வாசல் விளக்கைப் போட்டேன். படுக்கையறை ஏ.சி.யையும் போட்டேன், அவளுக்கு வெயில் ஆகாது. தெருமுனை வரை வந்த வண்டி ஆஸ்பத்திரிச் சாலைப் பக்கம் திரும்பியது. அப்போதுதான் பின் சீட்டில் யார் இருப்பார்கள் என்று புரிந்தது.

பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. நகருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நகரவில்லை. அக்கா மடியில் அத்தான் தலையை வைத்துக்கொண்டு, போகிற வண்டிகளைப் பார்த்துக் கத்தினாளாம். நீங்கள் சொல்லித்தான் தெரியும். கேட்க வருத்தமாக இருந்தது. தெருவுக்கு மின்சாரத்தை நான் அப்போதே திரும்ப விட்டுவிட்டேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தானைக் கொன்றது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் வீடு வந்து சேரும் அளவுக்கு அந்த வண்டியில் சார்ஜ் விட்டுத்தான் வைத்திருந்தேன் ஐயா. அவள்தான் எதிர்ப்பக்கம் ஓட்டினாள்.