அமீனா பீயோட சோப்பு

நீலமாத்தான் ஆவும் சார். இன்னும் பத்து சொட்டு வுட்டுப் பாருங்க, அப்பவும் நீலந்தான். செகப்பா ஆனா சுண்ணாம்புத் தண்ணி, நீலமா ஆனா நல்ல தண்ணி, அதானே? எனக்கும் தெரியும். எட்டாங்கிளாஸோட நின்னவன்தான், ஆனா பத்து வருசமா நைட் டூட்டில இந்த ஆஸ்பத்திரி தண்ணி மெஷின் ரூம்ல குந்திக்கினு உங்க கம்பெனி புஸ்தகத்த எழுத்துக் கூட்டியே படிச்சி முடிச்சிட்டேன்.

இன்னா எழுதறீங்க? தண்ணி சுத்தம்னா? அய்ய, எழுதாதீங்க சார். மொதல்ல பேனாவ மூடுங்க.

கோவந்தான். வராதா பின்ன? நீங்க ஒரு வரி எழுதிட்டு ஸ்கூட்டர ஒதச்சிக்கினு போயிடுவீங்க. தண்ணில தப்பில்லன்னா அப்பால யாரு மேல தப்பு? டயாலிசிஸ் மெஷினுக்கு மருந்துத் தண்ணி கலக்கற நீரஜாப் பொண்ணு மேல. பன்னெண்டு நாளைக்கி முன்னாடி ரெண்டு பேருக்கு ரத்தம் சுத்தம் பண்ணாங்க. ரெண்டு பேருக்கும் வாந்தி, ஒடம்பெல்லாம் எரிச்சல், பிரஷரு எகிறிப்போச்சி. ஒரு அம்மா, அது பொழச்சிக்கிச்சி. இன்னொருத்தரு நம்ம சந்திரமௌலி சார், செத்துப் பூட்டாரு. நாளைக்கிக் காலைல உங்க பேப்பரக் கைல வெச்சிக்கினு பெரிய டாக்டரு அந்தப் பொண்ண வூட்டுக்கு அனுப்பப் போறாரு. போலீஸ்லயும் எழுதிக் குடுப்பாராம். இருவத்திமூணு வயசு சார் அதுக்கு. மந்தவெளில அப்பனுக்குப் பக்கவாதம், அது சம்பாரிச்சித்தான் அடுப்பு எரியுது.

அது கலக்கறத நான் பாத்திருக்கேன். அளவுக் குவளைய கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிச்சி, நகை எடை போடற மாதிரி ஊத்தும். அதப் போயி தப்பா கலக்கிச்சின்னா எவன் நம்புவான்?

தண்ணியக் கேளுங்க சார், தண்ணிய. இந்த வருசம் அடையாறுல கொழாயத் தெறந்தா காத்து வருது. மாசி மாசத்துலேந்து லாரித் தண்ணி. எங்கேந்துடா மொண்டுக்கினு வரேன்னு லாரிக்காரனக் கேட்டா ஏரித் தண்ணிங்கறான். ஏரியில மாடு மேயுதுடா சோமாறி, எனக்கே கத வுடறியான்னேன். சிரிக்கறான். எங்க சைதாப்பேட்ட வூட்ல அந்தத் தண்ணில பருப்பு எட்டு விசில் வுட்டாலும் வேவாம நம்மளயே மொறச்சிக்கினு கெடக்குது. பக்கெட்டு பூரா வெள்ள பூத்துப்போச்சி. மேல ஏசி ரூம்ல பெரிய டாக்டருக்கு மட்டும் பாட்டில் தண்ணி. நோயாளி ஒடம்புக்குள்ள சுத்தற ரத்தத்துக்குப் பக்கத்துல இந்தக் கலீஜு.

ஆமா, அத வடிகட்டத்தான் உங்க மெஷினு. ஒத்துக்கறேன். சுண்ணாம்பையெல்லாம் புடிச்சி வெச்சிக்கும். வயிறு ரொம்பினா கல்லுப்ப கரைச்சி வுட்டுக் கழுவணும். கொழாத் தண்ணிக்கு மூணு நாளைக்கி ஒருக்கா கழுவினா போதும், லாரித் தண்ணிக்கு தெனம் கழுவணும். தெனம் கழுவறதுக்கு உப்பு எவன் குடுத்தான்? வாரத்துக்கு ரெண்டு மூட்டதான்னு ஸ்டோர்ல கறாரா சொல்லிட்டாங்க. சரி, சோதிச்சிப் பாத்துக் கழுவலாம்னா, தோ நீங்க பையில கொண்டாந்திருக்கீங்களே சொட்டு மருந்து, அது எங்கிட்ட தீந்து ரெண்டு மாசம். மூணு வாட்டி எழுதிக் குடுத்தேன். வரும் வரும்னாங்க. சாவுதான் வந்திச்சி.

மருந்து இல்லாம எப்டிப் பாத்தேன்னு கேக்கறீங்களா? சோப்புல.

சிரிக்காதீங்க சார். பின்னால துணி தொவைக்குதே அமீனா பீ, அது சொல்லிக்குடுத்த வித்த. பாட்டில்ல தண்ணி புடிச்சி, ஒரு சில்லு மஞ்சக்கட்டி சோப்ப போட்டு நல்லா குலுக்கணும். நல்ல தண்ணின்னா நொரை நிக்கும். சுண்ணாம்பா இருந்தா தயிரு திரிஞ்ச மாதிரி அழுக்கா மெதக்கும். உங்க மருந்து வரதுக்கு முன்னாடியே மெட்ராஸ்ல சலவக்காரங்க தண்ணியப் படிச்சவங்க. அமீனா பீ கல்லு மேலேந்து ஒரு சில்லு கிள்ளிக்கினு வருவேன். அது ஒருநாளும் பொய் சொன்னதில்ல.

சந்திரமௌலி சாருக்கு அந்த பாட்டில் மேல அவ்ளோ இஷ்டம். மயிலாப்பூரு, கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. செவ்வாயும் வெள்ளியும் காலைல ஆறு மணிக்கி வருவாரு. என் டூட்டி முடியற நேரம். கட்டில்ல படுக்க மாட்டாரு, மொதல்ல கபாலியக் கூப்புடுன்னுவாரு. ஏண்டா, இன்னிக்கி ஜலம் எப்டின்னு கேப்பாரு. நான் குலுக்கிக் காட்டணும். லேப் ரிப்போர்ட்டெல்லாம் அவாளே வெச்சுக்கட்டும், எனக்கு உன் நொரை போறும்டாம்பாரு. அவரு பாஸ்னு சொன்னாத்தான் நீரஜா ஊசியவே எடுக்கும். ஒவ்வொரு வாட்டியும் வாத்தியாரும் நானும் அடிக்கற கூத்தப் பாத்து அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே நிக்கும்.

இப்ப அழுதுக்கினு நிக்குது.

இருங்க சார், போவலாம். ஒரே ஒரு விசயம். அமீனா பீ கையப் பாத்திருக்கீங்களா? பாத்துட்டுப் போங்க. லாரித் தண்ணில மஞ்சக்கட்டிய தேச்சித் தேச்சி, நொரை வராம, வெரலு இடுக்கெல்லாம் வெடிச்சி ரத்தம். ரத்தக்கறப் போர்வைய அந்தக் கையால கசக்கணும். வாத்தியாரு போறதுக்கு மொத நாளு குந்திக்கினு அழுதுட்டுது. எனக்கு ஆத்திரம் தாங்கல. நேரா சைதாப்பேட்ட மார்க்கெட்டுக்குப் போயி, இப்ப புதுசா நீலக் கலர்ல வருதே டிடர்ஜென்ட்டு கட்டி, அதுல நாலு வாங்கியாந்து குடுத்தேன். நல்லாருப்பா கபாலின்னு துஆ பண்ணிச்சி. மஞ்சக்கட்டிய தூக்கி ஓரமா கடாசிட்டுது.

நான் என்னிக்கும் போல கல்லு மேலேந்து ஒரு சில்லு கிள்ளிக்கினேன்.

புரியலயா? இன்ஜினியரு தானே நீங்க? இந்தா, இந்த பாட்டிலப் புடிங்க. இது உங்க மெஷின்ல வந்த தண்ணி இல்ல, வெளிய நிக்கற லாரிலேந்து நேரா புடிச்சது. உங்க சொட்டு மருந்த வுடுங்க. வுடுங்க சார்.

செகப்பு. ரத்தம் கணக்கா செகப்பு, இல்ல?

இப்ப வேற பாட்டில்ல அதே தண்ணி. அமீனா பீயோட சில்லு. குலுக்கறேன், பாருங்க. நொரை பொங்குது, இல்ல?

அன்னிக்கி வாத்தியாரத் தூக்கிக்கினு ஓடனப்புறம் பின்னால பீடி புடிக்கப் போனேன். அமீனா பீ லாரித் தண்ணில போர்வ தொவச்சிக்கினு இருந்திச்சி. மொழங்கை வரைக்கும் நொரை. அப்பதான் எனக்கு வெளங்கிச்சி, இந்த நீலக் கட்டி சுண்ணாம்புத் தண்ணிலயும் நொரைக்கும்னு. ஓடியாந்து, இருந்த உப்பு மொத்தத்தையும் கொட்டி உங்க மெஷின கழுவித் தொடச்சி வெச்சேன். அப்பாலேந்து மெஷினும் ஓடல, அதான் சார் உங்களுக்கு நீலமா ஆவுது. பன்னெண்டு நாளா நான் வாயத் தொறக்கல.

இப்ப பேனாவத் தொறங்க. நீரஜா மேல தப்பில்ல, கபாலி மேலன்னு எழுதுங்க, கையெழுத்து நானே போடறேன்.

அன்னிக்கி அவருக்கு இதே நொரையத்தான் காட்னேன். பேஷ், பால் மாதிரின்னா பொங்கறதுன்னாரு. சட்டையச் சுருட்டிக்கினு கைய நீட்டிட்டாரு.