ஒரே ஒரு பிளக் பாயின்ட்

எங்கள் கிளைச்சிறையில் வார்டரான என் மேசைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் உண்டு ஐயா. இன்னொன்று வைத்துக் கொடுங்கள் என்று வாய் வலிக்கக் கேட்டிருக்கிறேன். யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

மாகறல் ஊர்க்காரன் ஆல்வினைக் கைதியாகக் கொண்டுவந்த அன்று அவன் அக்கா சுகிர்தாவும் கேட்டுவரை வந்தாள். அவனுக்குக் கைகால் உதறுகிற வியாதி. பெரியாஸ்பத்திரியில் மூளைக்குள் கம்பி விட்டு, தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் பேட்டரி வைத்துத் தைத்திருந்தார்கள். அதற்கான வட்டச் சார்ஜரை என்னிடம் கொடுத்தாள்.

"சார், ரெண்டு நாளிக்கு ஒருதபா இத்த நெஞ்சு மேல வெச்சா போதும். வுட்டுட்டா ஒடம்பு கட்டையாயிடும், எச்சி கூட முயுங்க மாட்டான். உங்களத்தான் நம்பிக்கினு கீறேன்."

சார்ஜர் எதுவும் உள்ளே போகக்கூடாது, செல்போன் பயம். அதனால் என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். தவறாமல் அவனை உட்காரவைத்து ஏற்றிவிட்டேன். டீ கூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நல்ல பையன்.

பிறகுதான் இருசப்பன் விஷயம். கைதிக் கிழவன், சோறு குறைகிறது என்று என் முகத்துக்கு நேரே கத்தினான். லத்தியால் இரண்டு வைத்தேன், இடுப்பெலும்பு போய்விட்டது. வழுக்கி விழுந்தான் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆல்வின் மட்டும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மரியாதையாகச் சொன்னான்.

"சார், ஜெயில பாக்க ஜட்ஜம்மா வந்தா நான் பாத்தத சொல்லிடுவேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

எனக்குக் கோபமே வரவில்லை ஐயா. சொல்வது அவன் உரிமை. ஜட்ஜம்மா வரும்வரை சார்ஜர் கொஞ்சம் சும்மா கிடக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

முதலில் கை உதறியது. அப்புறம் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "சார்... சார்ஜு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அந்தச் சத்தமும் நின்றுபோனது.

ஜட்ஜம்மா வந்து, "எதாவது குறை இருக்காப்பா?" என்று கேட்டபோது அவன் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. கஞ்சா கிடைக்காத நடுக்கம் மேடம் என்றேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். வண்டி வரும்வரை வயிறு காயுமே என்று நானே கஞ்சி ஊட்டினேன். புரையேறிச் செத்துப்போய்விட்டான், பாவம்.

அவனை நான் ஒரு அடி அடித்ததில்லை. பிளக் ஒன்றுதான், அதில் என் போனைச் சொருகியிருந்தேன். தினமும் பெருநகர் என்கிற ஊருக்குப் பஸ்ஸில் வீடு திரும்புகிறவனுக்குப் போன் வேண்டாமா?

விசாரணை என்று வந்து நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அத்தனை நாளும் என் போனில் சார்ஜ் முழுசாக இருந்தது.