மூன்றாம் எண் வட்டு

ஹோபார்ட்டில் காற்று வீசாத நாள் அபூர்வம். அப்படிப்பட்ட நாட்களில் மதிய உணவை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போவேன். சேண்ட்விச்சைத் தின்று முடிக்கும்வரை யாரிடமும் பேச வேண்டியதில்லை. மற்ற நாட்களில் சர்வர் அறையிலேயே சாப்பிடுவேன். அங்கும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

நீங்கள் கேட்பதால் வரிசையாகவே சொல்கிறேன். என் பெயர் நெவில் கார்ட்ரைட். தென்கடலில் திமிங்கலங்கள் எழுப்பும் ஒலியைப் பதிவு செய்து ஆராயும் நிலையத்தில் பதினான்கு வருடமாகக் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் பெரிய கணினி யூனிக்ஸ் வகை. யாருக்காவது வேலை வேகமாக நடக்க வேண்டுமென்றால் அதன் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பிரித்து ஒரு வட்டு (டிஸ்க்) போல அமைத்துக் கொடுப்பேன். நிஜ வட்டில் வைப்பதைப் போலவே கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். வேகம் பல மடங்கு. ஆனால் கணினியை நிறுத்தினால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும்.

அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தேன். நினைவக வட்டு வாங்கியவரின் திரை ஓரத்தில் மஞ்சள் நாடா ஒட்டுவேன். மஞ்சள் நாடா உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலை தங்கள் வேலையைப் பத்திரமான இடத்துக்கு நகல் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதுவரை ஒருவருடைய கோப்பும் தொலைந்ததில்லை.

பிப் ரோஸ்கோ எங்கள் ஆராய்ச்சியாளர்களில் ஒருத்தி. திமிங்கலக் குரலிலிருந்து கப்பல் இரைச்சலைப் பிரித்தெடுக்கும் நிரலை எழுதியவள். போன வருடம் மார்ச்சில், முப்பத்தெட்டு வயதில், அவளுக்கு நரம்பு நோய் என்று தெரிந்தது. தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய். முதலில் பேச்சு போகும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவள் ஒரு நல்ல மைக் வாங்கினாள். ஆறு வயது மகள் மார்னிக்காகத் தன் குரலைச் சேர்த்துவைக்கப் போவதாகக் காலைத் தேநீர் வேளையில் எல்லோரிடமும் சொன்னாள்.

"திமிங்கலத்துக்குப் பண்ணினத இப்ப எனக்கே பண்ணிக்கப் போறேன். நானும் அழியப்போற ஜந்துதானே."

"அடிப்பாவி, வாய மூடு," என்றான் கிரேம். அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன். "ஒரு கேக் எடுத்துக்க."

"வாய மூடத்தான்டா போறேன். அதுக்குள்ள உங்க எல்லார் பேரையும் பதிவு பண்ணி வைக்கணும். அப்புறம் மெஷின்ல இருந்து கூப்பிட்டுத் திட்டுவேன்." பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். "நெவ்தான் பாவம். இவன் செத்துப்போனா ரெண்டு நாளைக்கு நமக்குத் தெரியாது. மெயில் நின்னாத்தான் தெரியும்."

"மெயில் நிக்காது பிப். அதுக்கும் ஏதாச்சும் புரோகிராம் எழுதி வச்சிட்டுத்தான் சாவான்," என்றான் கிரேம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது ஏப்ரல் பதினெட்டு, வியாழக்கிழமை, பத்து மணி நாற்பது நிமிடம். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் தொடர்பு இல்லை.

ஜூனில் அவள் ஊருக்கு வெளியே தரூனாவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் செய்தாள். நீண்ட விடுப்பில் இருந்தாள், அங்கிருந்தே எங்கள் கணினியில் பதிவு செய்யத் தொடங்கியிருந்தாள். சொற்கள் அப்போதே குழற ஆரம்பித்திருந்தன.

"நெவ், ஒரு நாள் பதிவைச் சுத்தம் பண்ண ரெண்டு மணி நேரம் ஆகுது. எனக்கு அவ்வளவு நேரம் இல்ல. வேகமா ஒரு இடம் குடேன்."

"தர்றேன்," என்றேன். பத்து நிமிடத்தில் கொடுத்தேன்.

நினைவக வட்டைப் பல விதமாக அமைக்கலாம். நிஜ வட்டில் உள்ள ஒரு கோப்பின்மேல் அமைத்தால் மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பது இருக்கும். அதற்கும் ஒரே வரிக் கட்டளைதான். அவள் கேட்டது வேகம். அதனால் வெறும் நினைவகத்தில் அமைத்தேன். மூன்றாம் எண் வட்டு. அதை அவளுடைய 'குரல்' என்ற ஃபோல்டரின்மேல் பொருத்தினேன். அப்படிப் பொருத்தினால் அடியில் ஏற்கெனவே இருப்பவை அழியாது, மறைந்துகொள்ளும். அன்று அதில் ஒன்பது பதிவுகள்தான் இருந்தன, எல்லாம் மைக் வேலை செய்கிறதா என்று பார்த்தவை. அவற்றைப் புதிய வட்டிலும் நகலெடுத்து வைத்தேன். அவள் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

மஞ்சள் நாடாவையும் ஒட்டினேன். நிலையத்தில் இருந்த அவளுடைய திரையில். அந்த மேசைக்கு அவள் வராமல் ஏழு வாரம் ஆகியிருந்தது. கிரேம் பிறகு அந்தத் திரைக்கு முன்னால் ஒரு பூச்சாடியை வைத்தான். நாடா ஒட்டவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

இரவுதோறும் பாதுகாப்பு நகல் எடுக்கும் நிரல் நினைவக வட்டுகளைத் தொடாது. நான்தான் அப்படி எழுதியிருந்தேன். தற்காலிகமானதைச் சேமித்து இடத்தை அடைப்பது தவறு.

அவள் தினமும் பதிவு செய்தாள். பிப்ரவரியில் பேச்சு முழுவதுமாக நின்றது. அப்போது வட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் இருந்தன.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மின்கம்பி வேலைக்காகக் கணினியை நிறுத்துவதாக இருந்தது. இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். நீண்ட விடுப்பில் இருப்பவர்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என் வழக்கம். செவ்வாய் காலையில் மின்பணியாளர் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். கணினியை நிறுத்தவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்றாம் எண் வட்டை மட்டும் அந்த ஃபோல்டரிலிருந்து கழற்றினேன். கழற்றினால் வட்டு அழியாது. நினைவகத்தில் அப்படியே கிடக்கும், யாருக்கும் தெரியாமல்.

மதியம் அவள் கணவன் ஹேமிஷ் கூப்பிட்டான்.

"நெவ், பிப்போட ஃபோல்டர்ல ஒன்பதுதான் இருக்கு. அதுவும் மைக் டெஸ்ட். 'கேக்குதா ஹேமிஷ், கேக்குதா'ன்னு. மீதியெல்லாம் எங்க?"

"இன்னைக்கு மெஷின நிறுத்துற நாள். பாக்கறேன். வியாழக்கிழமை வாங்க."

அந்த இரண்டு நாளும் வட்டை எனக்கு மட்டும் தெரியும் ஓர் இடத்தில் பொருத்திவைத்துக் கேட்டேன். தூக்கத்துக்கு முன் சொல்லும் கதைகள். மார்னியின் ஏழாம் பிறந்தநாள், பத்தாம் பிறந்தநாள், பதினெட்டாம் பிறந்தநாள். முதல் தடவை ஒருவன் ஏமாற்றிவிட்டுப் போனால் கேட்க வேண்டியது. தலையை எப்படிப் பின்னுவது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று. அதில் நடுவில் இருமல் வருகிறது, சிரித்துக்கொண்டே திரும்பவும் தொடங்குகிறாள். கடைசி மாதப் பதிவுகளில் சொற்கள் பிரியவில்லை. மெட்டு மட்டும் இருந்தது. நிலையத்தில் உள்ளவர்களின் பெயர்களும் ஒரு பதிவில் இருந்தன. பதினேழு பெயர்கள். அவளைத் தவிர நாங்கள் பதினெட்டுப் பேர். அதை மூன்று முறை கேட்டேன். எண்ணிக்கையில் பிழை வரக்கூடாது.

வியாழக்கிழமை ஹேமிஷ் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். பதினான்கு வருடத்தில் அவள் என் அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மடியில் ஒரு டேப்லெட். ஒரு விரலால் தட்டினால் அது கடையில் விற்கும் ஒரு பெண் குரலில் படிக்கும்.

"மார்னிக்கு என் குரல் மறந்துட்டு வருது," என்றது டேப்லெட்.

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க நெவ்," என்றான் ஹேமிஷ். "ஒரு பத்து கிடைச்சாக்கூடப் போதும். அஞ்சு கிடைச்சாலும் சரி."

திரையில் மூன்றாம் எண் வட்டு பட்டியலில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. திரும்பப் பொருத்த அரை நிமிடம் போதும். பொருத்தியிருந்தால் அவர்கள் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார்கள், கிரேமிடம் சொல்லியிருப்பார்கள், கேக் வந்திருக்கும். ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். நான் மறுபடியும் கதவோரம் நின்றிருப்பேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்க்கவில்லை. ஒரு மனுஷி என்னை அவ்வளவு நேரம் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டேன். விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தேன், பெரும்பாலும் அர்த்தமில்லாமல்.

அவள் எழுதினாள். "எல்லாமே போயிடுச்சா?"

"போயிடுச்சு பிப்," என்றேன். "மன்னிச்சுக்கோ."

ஹேமிஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள் விரல் வெகுநேரம் அந்தக் கண்ணாடியின்மேல் அலைந்தது. "முயற்சி பண்ணினதுக்கு நன்றி நெவ்" என்று அந்தக் கடைக் குரல் சொன்னது. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பும்போது அவள் விரல் என் சட்டைக் கையில் பட்டது. வேண்டுமென்றே தொட்டாளா, தானாகப் பட்டதா, தெரியாது.

அவர்கள் லிஃப்டை அடைவதற்கு முன் வட்டை அழிக்கும் வரியை அடித்தேன். இடைவெளிகளையும் சேர்த்துப் பதினாறு தட்டல்.

ஏன் என்று இரண்டாம் முறை கேட்கிறீர்கள். நான் அவளிடம் போய்விட்டது என்று சொல்லியிருந்தேன். சொல்லும்போது அது உண்மையாக இல்லை. சில நிமிடம் கழித்து உண்மையாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.