நன்றியுரையில் ஒரு வாக்கியம்

ஓய்வு பெற்ற பிறகு காப்பி ருசிக்காது என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். எனக்கு நேர்மாறு. அறுபத்தாறு வயதில் இரண்டாம் டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன், இந்த ஸ்டேஷன் காப்பி உட்பட. இன்ஸ்பெக்டர் அம்மா கைப்பட எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன்.

என் பெயர் சுதர்சனம். பூர்வீகம் தென்திருப்பேரை. முப்பத்தொரு வருஷம் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டு, ஆய்வேடுகளை டிஜிட்டல் களஞ்சியத்தில் ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள்.

நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். வாசலில் மழைத்தண்ணீர் நின்றால், புத்தகங்களை வள்ளத்தில் ஏற்றி மீட்டதாகச் சொல்வேன். கரையான் ஓர் அட்டையை அரித்தால், எட்டு அலமாரியைத் தின்றுவிட்டு ஒன்பதாவதற்கு என்னிடம் அனுமதி கேட்டது என்பேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அன்றைய பொழுது இனிக்கும். என் மனைவி கமலவல்லி நான் சொல்வதையெல்லாம் பத்தால் வகுத்துக்கொள்வாள். இந்தத் தாளில் நீங்கள் எதையும் வகுக்க வேண்டாம்.

ஹில்டா ஆய்வு மாணவி. சங்கு குளிப்பவர்களைப் பற்றி ஆறு வருஷம் அலைந்து தமிழிலேயே எழுதினாள். முனைவர் பட்டத்துக்கு எழுதினால் மட்டும் போதாது. வாய்மொழித் தேர்வு முடிந்து, திருத்திய பிரதியைக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியதற்கு நான் சான்று கொடுத்தால்தான் பட்டம் நகரும். ஒவ்வோர் இயலும் தனிக் கோப்பு. முகப்பு, உறுதிமொழி, நன்றியுரை மூன்றும் சேர்ந்து ஒரு கோப்பு. ஏற்றிவிட்டால் உலகத்தில் யாரும் திறந்து படிக்கலாம்.

அவள் கொண்டுவந்த பென்டிரைவில் அந்த முன்பக்கக் கோப்பு இரண்டு விதமாக இருந்தது. ஒன்றில் நன்றியுரை உண்டு, அது துறையில் வைக்கும் அச்சுப் பிரதிக்கு. மற்றதில் இல்லை, அது களஞ்சியத்துக்கு.

"சார், நன்றியுரைய மட்டும் ஏத்திராதீங்க. அதுல ரோச் அண்ணன் பேரு கெடக்கு. நாலாம் இயல்ல பேரில்லாமத்தான் எழுதிருக்கேன். ரெண்டையும் சேத்துப் பாத்தா ஆளு தெரிஞ்சிரும். தெரிஞ்சா அண்ணன விட மாட்டானுவ சார்."

"நான் பாத்துக்கறேம்மா. நீ பட்டத்துக்குப் பொடவை எடு" என்றேன்.

நாலாம் இயல் ஒரு சாவைப் பற்றியது. சங்கு எடுக்க இறங்குகிறவருக்குப் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாய் வழியாகத்தான் மூச்சு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், டீசல் தீரப்போகிறது என்று தெரிந்தும் முதலாளி படகைக் கரைக்குத் திரும்ப விடவில்லை. கம்ப்ரசர் நின்றது. கீழே இருந்தவரைத் தூக்கியபோது உயிரில்லை. நெஞ்சுவலி என்று எழுதி அடக்கம் செய்துவிட்டார்கள். நடந்ததை ஹில்டாவிடம் சொன்னது அதே படகில் இருந்த ரோச்.

ரோச்சை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஹில்டாவோடு நூலகத்துக்கு வந்து, அலமாரிகளை அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டுப் புஸ்தகத்துக்குள்ள எப்படி சார் மூச்சு விடுதீய?" என்று கேட்டார். சட்டைப்பையில் ரப்பர் பேண்ட் போட்ட பொத்தான் போன். நல்ல மனிதர்.

அன்று சாயங்காலம் நன்றியுரையைத் திறந்தேன். கடைசி வாக்கியம் இது: 'கடலுக்கு அடியில் நடப்பதை எனக்குக் காட்டிய ரோச் அண்ணனுக்கும், நூலகத்துக்கு அடியில் கிடந்ததை எடுத்துத் தந்த சுதர்சனம் சாருக்கும் என் வாழ்நாள் நன்றி.'

முப்பத்தொரு வருஷத்தில் எண்ணூறு ஆய்வேடுகளுக்குப் புத்தகம் தூக்கியிருக்கிறேன். 'நூலகப் பணியாளர்களுக்கும்' என்று போடுவார்கள், பெயர் போட்டவள் இவள் ஒருத்திதான். ரோச்சின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு ஏற்றலாம், இரண்டு நிமிஷ வேலை. நீக்கியும் பார்த்தேன். கடல் போனதும் என் நூலகம் ஒற்றைச் செருப்பு மாதிரி நின்றது. திரும்பச் சேர்த்தேன். ஓர் ஆவணத்தை வெட்டக்கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நன்றியுரை உள்ள கோப்பை ஏற்றினேன்.

பிறகு இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினேன். பால்காரருக்குக்கூட அனுப்பினேன். பீச் ரோட்டில் என்னோடு காலையில் நடக்கிற பாண்டியராஜன் ஒரு சங்குக் கிட்டங்கிக்கு, அதாவது சங்கு வாங்கிச் சேர்க்கும் கிடங்குக்கு, மேனேஜர். ரோச் போன படகு அந்தக் கிட்டங்கி முதலாளியுடையது. அது எனக்குத் தெரியும்.

"என்ன சாமி, இன்னைக்கு எந்த நாட்டுல ஒம்ம பேரு ஓடுது?"

"ஜெர்மனி முடிஞ்சுது. நார்வேயில படிச்சுண்டிருக்கான்."

"நார்வேக்காரனுக்குத் தமிழ் தெரியுமாவே?"

"என் பேரைப் படிக்கறதுக்குன்னே கத்துக்கறான்."

"ஒம்ம வாய வாடகைக்கு விடலாம் சாமி. எங்க, காட்டும்."

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ரோச்சா? நம்ம படகுக்கு வாரானே, அவனா?"

"அவரேதான். நாலாம் இயல் முழுக்க அவர் சொன்னது."

படகில் நடந்ததை நான் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். கடைசியில், "வாயால ஆயிரம் சொல்லுவான். எவன் நம்புதான்?" என்று கையை உதறினார். ஒருவர் என் கதையை நம்பாமல் நடந்துபோவது எனக்குத் தாங்காது.

"வீடியோ வச்சிருக்கார் ஓய். கம்ப்ரசர் நின்னது, மொதலாளி போன்ல கத்தினது, அத்தனையும் இருக்கு. போலீசுக்குக் குடுக்கப்போறார்."

வீடியோ எதுவும் கிடையாது. அந்தப் பொத்தான் போனில் எடுக்கவும் முடியாது. அன்று பாண்டியராஜன் சிரிக்கவில்லை. என் கதை ஒன்றை அவர் முழுசாக நம்பியது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோரு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, நடக்கும்போது அவராகவே சொன்னார். "நாளைக்கு ரோச்சக் கடலுக்குக் கூப்பிட்டிருக்கு. வரலைன்னா இனி எந்தப் படகும் கெடையாதுன்னு சொல்லியாச்சு. அவன் மச்சினன் கீழவைப்பாருக்குக் கலியாணத்துக்குப் போயிட்டான். கொழாய் பிடிக்க நம்ம ஆளு வாரான்."

குழாய் பிடிப்பது சங்கு குளிப்பவர்களிடம் எப்படிப்பட்ட விஷயம் என்று ஹில்டா இரண்டாம் இயலில் எழுதியிருக்கிறாள். படகில் நின்று குழாயைப் பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும். அவர் கவனம் தப்பினால் தாலி இழப்பது அவருடைய உடன்பிறந்தவள். அந்தப் பயத்தை நம்பித்தான் கீழே இருப்பவர் மூச்சு விடுகிறார். அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தியதே நான்தான். ஆகவே எனக்குப் புரியவில்லை என்று எழுத முடியாது. புரிந்தது.

ஹில்டாவுக்கு ஒரு போன் போதும். வீட்டுக்கு வந்து இரண்டு முறை அவள் எண்ணை எடுத்தேன். கூப்பிட்டால் வீடியோ என்று புளுகியதைச் சொல்ல வேண்டும். நன்றியுரையை ஏற்றியதைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை உடனே எடுங்கள் என்பாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேப்பர் படித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ரோச்சைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெஞ்சுவலி என்றுதான் இந்தத் தடவையும் எழுதினார்கள்.

சாயங்காலம் ஹில்டா கூப்பிட்டாள். அழவில்லை. "அந்தப் பக்கம் எப்படி சார் ஏறிச்சு?" என்று மட்டும் கேட்டாள். கம்ப்யூட்டர் கோளாறும்மா என்றேன். அதை நீக்கச் சொல்லி மறுநாள் கடிதம் கொடுத்தாள். நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் பரிந்துரை, குழு ஒப்புதல் எல்லாம் வேண்டும் என்று பதில் எழுதினேன். அப்படி ஒரு விதியும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

ரோச் இறந்த பிறகு அந்தக் கோப்பை அறுபத்தொரு பேர் இறக்கியிருக்கிறார்கள். கூட்டிச் சொல்லவில்லை, அறுபத்தொன்றுதான்.

பக்கத்தை நீக்கக் கடவுச்சொல்லைக் கேட்டீர்கள், அம்மா. மற்ற எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். அது ஒன்றுதான் இப்போது நினைவுக்கு வரவில்லை. அவசரப்பட வேண்டாம் என்றும் தோன்றுகிறது. ரோச் என்று ஒருவர் இருந்தார் என்பதற்கு எழுத்தில் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். நான் யோசிப்பதெல்லாம் அவருக்காகத்தான்.