சுக்கினி வண்டியின் சாவி

பெயர் ஆரி ஸ்விங்கல்ஸ். வயது ஐம்பத்தெட்டு. தொழில் சரக்கு வண்டி ஓட்டுநர். முகவரி நெதர்லாந்து, வெஸ்ட்லண்ட், டெ லீர், கால்வாய்க்கரைத் தெரு. விசாரணை அதிகாரி கேட்க, சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் மனைவி, மகள், மகளின் கைக்குழந்தை ஆகியோருடன் வசிக்கிறேன். எங்கள் பக்கத்துக் கண்ணாடிக் கூடங்களில் விளையும் காய்களை, பயிரிடுவோர் சங்கத்துக்காகப் பல வருடங்களாக ஏற்றிச் செல்கிறேன். புகார் கொடுத்த ஹ்யூப் ஸ்டோல்க் அந்தச் சங்கத்தின் செயலாளர். புகாரில் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள ஃபெம்மி வைவர்பெர்க் சங்கத்தின் உறுப்பினர். கணவர் இறந்த பிறகு ஒற்றை ஆளாக, வெள்ளரிக்காய் போலிருக்கும் சுக்கினியைப் பயிரிடுகிறார். அவருக்கு வாய் நீளம். எனக்கும் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார் அதிகாரி. சம்பந்தம் பின்னால் வரும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

நேற்று திங்கட்கிழமை காலை நான் சங்கக் கிடங்குக்குப் போனேன். குழந்தை உணவு ஆலைக்குப் போகவேண்டிய சுக்கினி லோடு தயாராக இருந்தது. பாதி ஃபெம்மியின் காய், மீதி மற்றவர்களுடையது. ஏற்றி முடித்ததும் ஏற்றிவிட்டவர் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் ஒரு பை காய் போடுவது எங்கள் வழக்கம். யாரும் கேட்டு வாங்குவதில்லை, நன்றி சொல்வதும் இல்லை. நேற்று ஏற்றிவிட்டவர் ஹ்யூப், அவர் பை போடவில்லை. நான்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

"என்ன ஹ்யூப், என் பையை மறந்துட்டியா? பேத்திக்கு இப்பதான் சுக்கினி வேகவச்சு மசிச்சுக் கொடுக்க ஆரம்பிச்சிருக்கோம்."

"இன்னைக்கு வேணாம்யா. கடையில கேரட் ஏதாச்சும் வாங்கிக் கொடு," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கஞ்சப்பயல் என்று மனதுக்குள் திட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அதன் பிறகு கிடங்கு வாசலுக்கு வந்தபோது ஒரு சின்ன டிராக்டர் குறுக்கே நின்றது. ஃபெம்மி மரச்செருப்போடு அதற்கு முன்னால் நின்றிருந்தார். நான் எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கினேன்.

"ஆரி, இது என் காய். இது போகக்கூடாது."

"உன் காயை நீயே மறிக்கிறியா? என்ன, கண்ணாடிக் கூடத்துச் சூடு தலைக்கு ஏறிடுச்சா?"

அதற்கு அவர் சொன்னது இது. யாரும் கேட்காமலே தன் காயை ஒரு சோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். பெர்க்ளோரேட் என்ற உப்பு அதில் இருக்கிறது. கடையில் விற்பதற்கான வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை உணவுக்கான வரம்பு மிகவும் சிறியது, அதை எங்கேயோ தாண்டிவிட்டது. அந்த உப்பு தைராய்டுக்கு அயோடின் போகவிடாமல் மறிக்கும், வளரும் குழந்தைக்கு ஆகாது. முடிவு வந்த உடனே ஹ்யூபிடம் போனில் சொல்லியும் அவர் லோடு ஏற்றிவிட்டார்.

உப்பு எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டார். உரத்தில் துளி இருக்கும். எங்கள் ஊரில் கண்ணாடிக் கூடத்துத் தண்ணீரைக் கால்வாயில் விடுவது குற்றம், அதைவிட அவமானம். வேரில் வடிந்த தண்ணீரைப் பிடித்து மறுபடி வேருக்கே விடுவோம். ஃபெம்மி அதில் கெட்டிக்காரி, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாதவர் என்று போன வருடம் சங்கம் அவருக்குக் கோப்பை கொடுத்தது. செடி கொஞ்சம் உப்பைக் குடிக்கும், மிச்சம் தண்ணீரிலேயே சுற்றும், அடுத்த உரத்தோடு இன்னும் சேரும். பழையதும் புதியதுமாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நல்லது செய்யப்போய் வந்த வினை.

அதன் பிறகு ஹ்யூப் ஓடி வந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் பாதிக் குடும்பத்தின் பிழைப்பு அவர் தலையில் இருக்கிறது, ஆலை ஒருமுறை கைவிட்டால் திரும்பிப் பார்க்காது.

"மத்தவங்க காயோட சேர்ந்து வேகும்போது கொறஞ்சிடும் ஃபெம்மி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. வண்டியை எடு," என்றார்.

ஃபெம்மி இரண்டடி பின்னால் போய், திறந்திருந்த கதவு வழியாக என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

"ஆரி, உன் பை எங்க?"

நான் ஹ்யூபைப் பார்த்தேன். ஹ்யூப் தரையைப் பார்த்தார். போன வாரப் பையிலிருந்த காயைப் பேத்திக்கு ஏற்கெனவே ஊட்டியிருந்தோம். அது வேறொருவர் கூடத்துக் காய் என்று மாலையில்தான் தெரிந்தது, அந்த நிமிடத்தில் தெரியாது. என் பேத்திக்கு ஆகாதது ஊரான் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டேன்.

அதன் பிறகு ஃபெம்மி எங்கள் எதிரிலேயே ஆலைக்குப் போன் போட்டார். "ஃபெம்மி வைவர்பெர்க் பேசறேன். இன்னைக்கு வர்ற லோடுல என் காய் இருக்கு, அது உங்களுக்கு ஆகாது, எடுக்காதீங்க," என்று தன் பெயரை இரண்டு தடவை சொன்னார், மறுமுனையில் இருந்தவர் எழுதிக்கொள்ள வசதியாக.

"கோப்பை வாங்கின கையாலயே சங்கத்துக் கழுத்தை அறுத்துட்டியே!" என்று ஹ்யூப் கத்தினார்.

"கோப்பையை நீயே வச்சுக்கோ. இந்தக் காயை அதுல போட்டு வேகவச்சு உன் பேரனுக்கு ஊட்டு, பார்ப்போம்."

ஹ்யூப் அப்போதும், இந்த ஆலை இல்லையென்றால் வேறொரு குழந்தை உணவு ஆலைக்கு என்று லோடை அனுப்பிவிடப் பார்த்தார், டிராக்டரைத் தள்ள ஆட்களைக் கூப்பிட்டார். அப்போது சாவி ஃபெம்மியிடம் போனது. அவர் அதைத் தன் மரச்செருப்புக்குள் போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார். போலீஸ் வரும் வரை அந்தக் காலை நகர்த்தவில்லை.

நான் பல வருடங்களாகக் காய் ஏற்றுகிறேன். அடுத்தவன் காய் சொத்தை என்று சொல்லாத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. தன் காய் ஆகாது என்று நடுவாசலில் நின்று சொன்ன ஆளை நேற்றுத்தான் பார்த்தேன். அந்த உப்பு சேர்ந்த தொட்டித் தண்ணீர் முழுவதையும் அவர் செலவிலேயே அப்புறப்படுத்த வேண்டும், இந்தப் பருவம் போயிற்று, சங்கத்திலிருந்தும் நீக்குவார்கள். எல்லாம் தெரிந்துதான் நின்றார். அந்த மனுஷியை நான் மெச்சுகிறேன். இதை அப்படியே எழுதவும்.

வண்டி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஃபெம்மி சாவியைப் பறித்தார் என்று புகாரில் இருப்பதாக அதிகாரி சொன்னார், பறிப்பு என்றால் சிறைவரை போகும் என்றும் சொன்னார். ஃபெம்மி குள்ளம். என் ஜன்னலுக்கு அவர் கை எட்டாது, மரச்செருப்போடு என் வண்டிப் படியில் ஏறவும் முடியாது. நான்தான் ஏறினேன், நான்தான் சாவியைக் கழற்றினேன், நான்தான் இறங்கி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கேட்கவும் இல்லை. சங்கத்து வண்டியின் சாவியைப் பிறரிடம் கொடுத்தால் வேலை போகும், வழக்கும் வரும் என்று அதிகாரி எச்சரித்தார். தெரியும் என்றேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி வாசிக்க நான் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்ததே, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் கேட்டேன். மேலே என்னைச் சாட்சி என்று எழுதியிருக்கிறது. அதை அடித்துவிட்டு, ஃபெம்மியின் பெயர் இருக்கும் வரிசையில் அவருக்கு அடுத்தபடியாக என் பெயரை எழுதச் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஆரி ஸ்விங்கல்ஸ்